டயர்க் கட்டைகளின் சேதமும் செப்பமும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு ஓரிரு கல் தொலைவு உள்ளே சென்றால், மேட்டு நிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றிற்கு இடைப்பட்ட பள்ளங்களில் ஏலாக்கள் என்று வழங்கும் வயல்களும் மாறி மாறி வருவதைக் காணலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறத்திலும் மண் ஒன்றே, மழை ஒன்றே, மரமும் ஒன்றே. ஆகவே, அம்மண்ணில் உழலும் இயந்திரங்களுக்கு நேரும் சேதமும் இருபுறத்திலும் ஒன்றே.

இவ்வூர்களில் உழவுக்கு ட்ராக்டரையோ பவர் டில்லரையோ சொந்தமாக வைத்திருப்போர் சிலரே. ஏனையோர் மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்திக் கொள்கின்றனர். மழை பெய்து வயல் பதப்பட்டிருக்கும் சில நாட்களுக்குள் உழவு முடிய வேண்டும். அந்நாட்களில் ஒரு சக்கரத்தின் டயர் பழுதுபட்டு இயந்திரம் நின்றுவிடுமாயின், இழப்பு இயந்திரத்தின் உடைமையாளரோடு நிற்பதில்லை. வரிசையில் காத்திருக்கும் பல குடும்பங்களின் நாற்று முற்றிப் போகிறது. டயரின் கட்டை ஒன்று கிழிந்ததைத் தக்க காலத்தில் கவனித்திருந்தால், இவ்விழப்பிற் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதனை எவ்வாறு கவனிப்பது, எவ்வாறு செப்பனிடுவது, எப்போது செப்பனிடாமல் விட்டுவிட வேண்டும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கட்டை என்பது யாது?

சாலையில் ஓடும் காரின் டயரில் மேற்பரப்பு ஏறக்குறைய சமமாக இருக்க, அதிற் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். வயலிலும் காட்டிலும் ஓடும் டயரின் அமைப்போ இதற்கு மாறானது. அதன் மேற்பரப்பில் பருத்த ரப்பர் மேடுகள் ஒன்றற்கொன்று இடைவெளி விட்டுச் சாய்வாக அமைந்திருக்கும். இம்மேடுகளையே இக்கட்டுரையில் கட்டைகள் என்று குறிக்கிறோம். உழவு ட்ராக்டரின் பின் டயரில் கட்டைகள் உயர்ந்தும் ஒடுங்கியும் இருக்கும். ஜேசிபி என்று மக்கள் அழைக்கும் மண்வாரி இயந்திரத்தின் டயரில் அவை தாழ்ந்தும் அகன்றும் இருக்கும். முன்னது மண்ணிற் புதைந்து பிடிப்பதற்கும், பின்னது கல்லின்மேல் தேயாமல் நிற்பதற்கும் ஏற்றவை.

தொடக்க காலத்து ட்ராக்டர்களுக்கு இரும்புச் சக்கரமே இருந்தது; அதில் இரும்பு முளைகள் பொருத்தப்பட்டிருந்தன. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்கள் அல்லிஸ் சாமர்ஸ் ட்ராக்டரிற் பொருத்தப்பட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. இரும்பு முளை செய்த வேலையை அன்றிலிருந்து ரப்பர்க் கட்டை செய்து வருகிறது.

கட்டையின் தொழில் இரண்டு. முதலாவது, மண்ணிற் புதைந்து, தனக்குப் பின்னாலுள்ள மண்ணைத் தள்ளி, அதனால் வண்டியை முன்னோக்கிச் செலுத்துவது. இரண்டாவது, தன் இடைவெளியிற் சிக்கிய சேற்றைத் தானே வெளியே தள்ளித் தன்னைத் தூய்மை செய்துகொள்வது. இதற்காகவே கட்டைகள் அம்பின் முனை போன்ற வடிவில் இருபுறமும் சாய்வாக அமைக்கப்பட்டுள்ளன. அம்பின் முனை முதலில் மண்ணிற் பதிய வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து ஓரத்திற்கு ஒதுங்கி வெளியேறும். இழுவைச் சக்கரத்தை வண்டியின் பின்னால் நின்று பார்க்கும்போது அம்பு முனை மேல்நோக்கி இருந்தால், டயர் சரியாகப் பொருத்தப்பட்டுள்ளது என்று அறியலாம். செப்பனிட்ட டயரை மீண்டும் பொருத்தும்போது திசை மாற்றிப் பொருத்துவது அடிக்கடி நேரும் தவறாகும்.

ரப்பரின் இயல்பு

செப்பனிடும் முறையைக் கைக்கொள்வதற்கு முன், ரப்பரின் இயல்பை அறிதல் வேண்டும். காரணம் அறியாது செய்யும் வேலை நெடுநாள் நிற்பதில்லை.

இப்பகுதியில் விடியற்காலையில் பால் வெட்டப்பட்டு, சிரட்டையில் வடியும் ரப்பர்ப் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் நீர். பாலை வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் அது உறைகிறது. உறைந்ததை உருளையிலிட்டு ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துகின்றனர். இந்நாட்டில் 1902-ஆம் ஆண்டில் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் ரப்பர்ச் சட்டத்தின்கீழ் அமைந்த ரப்பர் வாரியமும், 1955-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் கோட்டயத்தில் உள்ளன. எல்லைக்குக் கிழக்கே, 1984-ஆம் ஆண்டில் அமைந்த அரசு ரப்பர்க் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டது.

இவ்வாறு கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும், பெட்ரோலிற் கரையும். இதன் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. நூல்கள் ஒன்றோடொன்று முடிச்சிடப்படாமையால், இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்பார், பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு கலந்து சூடாக்கினால் அது இளகாத, மீள்தன்மையுள்ள பொருளாகிறது என்று கண்டறிந்தார். கந்தகம் நூல்களுக்கிடையே பாலமிட்டு அவற்றைப் பிணைப்பதே இதன் காரணம். இச்செயலை வல்கனைஸ் செய்தல் என்பர். டயருக்குரிய ரப்பரில் கந்தகத்தோடு புகைக்கரி, துத்தநாக ஆக்ஸைடு, பிணைப்பை விரைவுபடுத்தும் பொருள்கள், முதுமையைத் தடுக்கும் பொருள்கள் ஆகியவையும் சேரும். தேய்மானத்தைத் தாங்கும் வலிமையையும் கறுப்பு நிறத்தையும் தருவது புகைக்கரியே.

செயற்கை ரப்பர் பெருகிய இக்காலத்திலும், பெரிய வண்டிகளின் டயர்களில் இயற்கை ரப்பருக்கு முதன்மையான இடம் உண்டு. அது கிழிபடுவதை நன்கு எதிர்க்கும். திரும்பத் திரும்ப வளையும்போது குறைந்த அளவே சூடாகும். பருத்த கட்டைக்குள் தோன்றும் வெப்பம் எளிதில் வெளியேறாதாகையால், இக்குணம் இன்றியமையாதது.

செப்பனிடுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வல்கனைஸ் ஆன ரப்பர் மீண்டும் இளகாது; உருகாது. இரும்பு உருகி இரும்போடு சேர்வது போல, பழைய ரப்பரை உருக்கிப் புதியதோடு சேர்க்க இயலாது. பழைய ரப்பரின் முகத்தை உராய்ந்து புதுப்பித்து, அதன்மேல் பச்சை ரப்பரை வைத்து, அழுத்தியும் சூடாக்கியும் இரண்டிற்கும் இடையே புதிய பாலங்களை உண்டாக்க வேண்டும். பின்வரும் படிகள் அனைத்தும் இவ்வொரு நோக்கத்திற்கே உரியவை.

சேதம் எவ்வாறு நேர்கிறது?

இப்பகுதியின் மேட்டு நிலம் செம்புரைக்கல் நிலமாகும். மலையாளத்தில் இதனை வெட்டுகல் என்பர். 1807-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஃபிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அங்காடிப்புரத்திற் கண்ட இக்கல்லுக்கு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்னும் பெயரை இட்டார். நிலத்தினுள் ஈரமாக இருக்கும்போது கோடரியால் வெட்டத்தக்க இக்கல், வெளியில் காய்ந்தபின் இறுகிவிடும். இறுகிய சரளையின் விளிம்புகள் கூரியவை. கல்குவாரிக்குச் செல்லும் வழிகளிற் சிதறிக் கிடக்கும் கருங்கற் சில்லுகளோ இன்னும் கூரியவை. முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் தோட்டங்களில், தரைமட்டத்தில் அறுக்கப்பட்ட குற்றிகளும் வேர்முனைகளும் டயரைக் குத்துகின்றன.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதிக்கு உண்டு. ஈரம் மண்ணை மென்மையாக்குவதால் டயருக்குச் சேதம் குறையும் என்று எண்ணுவோர் உளர். உண்மை இதற்கு மாறானது. ரப்பரை வெட்டும் தொழிலாளர் தம் கத்தியை நீரில் நனைத்துக் கொள்வதைப் பார்த்திருப்போம். நனைந்த கத்தி ரப்பரில் ஒட்டாமல் வழுக்கி எளிதாக உட்செல்லும். அவ்வாறே நனைந்த கல்லின் விளிம்பும் டயரினுள் எளிதாக ஊடுருவும். ஆகவே மழைக்காலத்திலேயே வெட்டுக்காயங்கள் மிகுகின்றன.

கல்லை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஓட்டுநரின் பழக்கமும் காரணமாகும். சேற்றிற் சிக்கிய சக்கரத்தை விசையோடு சுழலவிட்டால், கட்டைகளின் விளிம்பு கல்லில் மோதித் துண்டு துண்டாகப் பெயரும். காற்று மிகுந்தால் நடுக்கட்டைகள் சாலையில் விரைந்து தேயும். வெட்டுக்காயமும் எளிதில் நேரும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அளவிற்கு மீறி வளைந்து, கட்டையின் அடிப்பகுதியில் வெடிப்பு தோன்றும். டீசலும் எண்ணெயும் ரப்பரை ஊதச் செய்து வலிமை குன்றச் செய்யும். வயலுக்கும் சாலைக்கும் வேண்டிய காற்றழுத்தம் வெவ்வேறாகும். டயரை ஆக்கியோர் தரும் அட்டவணையைப் பார்த்தே காற்றடைக்க வேண்டும்.

வெட்டு சிறிதாயின் என்ன கேடு என்று வினவலாம். வெட்டினுள் மண்ணும் சிறு கல்லும் புகுகின்றன. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அக்கல் உள்நோக்கி நெருக்கப்படுகிறது. ரப்பருக்கு அடியில் டயரின் வலிமைக்கு ஆதாரமான நூலடுக்குகள் உள்ளன. நீர் அவற்றை எட்டினால், நூல் தன் ரப்பர் உறையினின்று பிரிகிறது. எஃகுக் கம்பியாயின் துருப்பிடிக்கிறது. மேலே விரல் நுழையாத வெட்டு, உள்ளே உள்ளங்கையளவு பிரிந்திருத்தல் கூடும். அத்தகைய டயர், பாரம் ஏற்றிய நிலையில் வெடிக்கக்கூடும்.

ஆராய்ந்து வகைப்படுத்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டை அல்லது இரும்புத் தாங்கியின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் கை நீட்டலாகாது. டயரை நீரால் கழுவி நன்கு உலர விட்டு, முனை மழுங்கிய குத்தூசியால் ஒவ்வொரு வெட்டின் ஆழத்தையும் சோதிக்க வேண்டும். கூரிய ஊசி தானே புதிய காயத்தை உண்டாக்கும். சேதத்தை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: கட்டையின் விளிம்பு மட்டும் பெயர்ந்தது. தொங்கும் துண்டைக் கத்தியால் சாய்வாக அறுத்து நீக்கினாற் போதும். புது ரப்பர் வைக்கத் தேவையில்லை. தொங்கும் துண்டை அப்படியே விட்டால், அது மேலும் கிழிந்து கட்டையின் அடிவரை செல்லும்.

இரண்டாம் வகை: கட்டையின் பெரும்பகுதி பெயர்ந்து குழி விழுந்தது, ஆனால் நூலடுக்கின்மேல் ரப்பர் மூடியிருக்கிறது. புது ரப்பர் வைத்துக் கட்டையைக் கட்டியெழுப்புதற்குரிய வகை இதுவே.

மூன்றாம் வகை: நூலடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது அறுந்துள்ளது. இதற்கு உட்புறத்தில் வலுவூட்டும் பட்டை ஒட்ட வேண்டும். அதற்குரிய பயிற்சியும் கருவியும் உள்ள பணிமனைக்கே அனுப்புக.

நான்காம் வகை: டயரின் வாயிலுள்ள கம்பி வளையம் முறிந்தது, பக்கச்சுவர் நூல்கள் அறுந்தது, அல்லது அடுக்குகள் பரவலாகப் பிரிந்தது. இதனைச் செப்பனிடலாகாது. டயரை நீக்கிவிடுவதே அறிவுடைமை.

எஞ்சிய ஆயுளையும் கணக்கிடுதல் நன்று. ஏனைய கட்டைகள் அனைத்தும் பெரிதும் தேய்ந்துபோன டயரில், ஒரு கட்டையை மட்டும் கட்டுவது வீண் செலவு. பழுது பார்ப்பவருக்குத் தெரிந்தது பசையும் ரப்பரும் மட்டுமன்று. ‘இது ஆகாது’ என்று சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். இவ்விரண்டு வாய்மொழியைக் கேட்க உடைமையாளர் விரும்பார். எனினும், வெடிக்கும் டயரின் அருகில் நிற்கப் போகிறவர் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் ஓட்டுநரே என்பதை மறக்கலாகாது.

செப்பனிடும் முறை

இரண்டாம் வகைச் சேதத்திற்குரிய படிகளை முறையே காண்போம்.

ஒன்று, காற்றை நீக்குதல். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுக. ட்ராக்டரின் பின் டயரில் பாரத்திற்காக நீர் நிரப்பும் வழக்கம் உண்டு. அந்நீரையும் வடித்துவிட வேண்டும். பின்னர் டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி, உட்புறத்தையும் சோதிக்க வேண்டும். வெளியில் இரண்டாம் வகையாகத் தோன்றியது உள்ளே மூன்றாம் வகையாக இருப்பதும் உண்டு.

இரண்டு, குழியைச் செதுக்குதல். சிதைந்த ரப்பர் முழுவதையும் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். குழியின் வாய் அகன்றும், அடி ஒடுங்கியும், சுவர்கள் சாய்வாகவும் இருத்தல் வேண்டும். சுவர் உள்நோக்கிக் குடைந்திருந்தால் அங்கே காற்று சிக்கும். கூரிய மூலைகள் இருந்தால் அவ்விடத்திலிருந்து மீண்டும் வெடிப்புத் தொடங்கும்.

மூன்று, உராய்தல். குழியின் முகத்தையும், அதைச் சுற்றி ஒரு விரலளவு இடத்தையும் முள் உருளையால் உராய்ந்து சொரசொரப்பாக்க வேண்டும். முரட்டு உப்புத்தாளைப் போன்ற சீரான சொரசொரப்பே வேண்டுவது. இங்கு வேகம் முக்கியம். ரப்பரை உராயும் கருவி நிமிடத்திற்கு 5,000 சுற்றுக்கு மேற்படாமல் சுழல வேண்டும். இரும்பு அறுக்கும் கைச்சாணை 10,000 சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைப் பயன்படுத்தினால் ரப்பரின் முகம் கருகிப் பளபளப்பாகிவிடும். கருகிய முகத்தில் எப்பசையும் பிடியாது. புகை எழுந்தால் உடனே கருவியை எடுத்துவிடுக. நூலடுக்கைத் தொடும் வரை உராயலாகாது.

நான்கு, தூய்மை செய்தல். உராய்ந்த தூளைத் தூரிகையாலோ உறிஞ்சு கருவியாலோ நீக்குக. அமுக்கக் காற்றை ஊதினால் அதனோடு வரும் எண்ணெயும் ஈரமும் முகத்தைக் கெடுக்கும். அதன்பின் முகத்தைக் கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசையே ஒட்டுதலைத் தடுக்கும். உராய்ந்த முகம் காற்றுப்பட்டு மாறுமாகையால், அன்றே வேலையைத் தொடர வேண்டும்.

ஐந்து, சொல்யூஷன் பூசுதல். மெல்லிய பூச்சு ஒன்று இட்டு முற்றும் உலரவிட்டு, இரண்டாம் பூச்சும் இடுக. புறங்கையால் தொட்டால் ஒட்டும் உணர்வு இருக்க வேண்டும். பசை கையோடு வரலாகாது. மழைக்காலத்தில் உலர்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஈரப் பூச்சின்மேல் ரப்பரை வைத்தால், உள்ளே சிக்கிய கரைப்பான் சூட்டில் ஆவியாகி, கட்டையினுள் துளைகளை உண்டாக்கும்.

ஆறு, ரப்பர் நிரப்புதல். முதலில் மெல்லிய, மென்மையான ஒட்டு ரப்பர்ப் படலத்தை அடியிலும் சுவர்களிலும் ஒட்டுக. அதன்மேல் டயருக்குரிய பச்சை ரப்பரைச் சிறு சிறு பட்டைகளாக வைத்து, ஒவ்வொரு பட்டையையும் பற்சக்கர உருளையால் நடுவிலிருந்து ஓரத்திற்கு அழுத்திச் செல்க. காற்றை வெளியேற்றுவதே இதன் நோக்கம். ஒரே பெரிய கட்டியாக வைப்பது எளிது. ஆனால் அது நிலைக்காது.

ஏழு, உயரத்தை அளவிடுதல். புதுக் கட்டை, அருகிலுள்ள தேய்ந்த கட்டைகளின் உயரத்திற்கே அமைய வேண்டும். புது டயரின் உயரத்திற்கு எழுப்பினால் அது தனித்து உயர்ந்து நின்று, ஒவ்வொரு சுற்றிலும் மற்றவற்றின் பங்குப் பாரத்தையும் தானே ஏற்று, விரைவிற் பெயர்ந்துவிடும். வல்கனைஸ் செய்தபின் உராய்ந்து சமப்படுத்துவதற்காக 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் மிகையாக வைக்கலாம்.

எட்டு, வல்கனைஸ் செய்தல். மின்சாரத் தட்டுகளுக்கிடையே கட்டையை இறுக்கி, ஏறத்தாழ 140° முதல் 150° சென்டிகிரேடு வரை சூடாக்குவர். ரப்பர் வெப்பத்தை மெல்லவே கடத்துமாகையால், கட்டையின் பருமனுக்கேற்ப நேரம் நீளும். பச்சை ரப்பரை ஆக்கியோர் தரும் நேர அட்டவணையையே பின்பற்றுக. வெப்பநிலை 10° உயர்ந்தால் பிணைப்பின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். இதனை அறிந்து, சூட்டைக் கூட்டி வேலையை விரைந்து முடிக்க முயல்வோர் உளர். அது பெருந்தவறு. மேற்பகுதி அளவிற்கு மீறி வெந்து, பிணைந்த பாலங்கள் உடைந்து, இயற்கை ரப்பர் மீண்டும் பிசுபிசுப்பாகும். உட்பகுதியோ வேகாமலே நிற்கும். அன்றியும் சுற்றியுள்ள பழைய ரப்பரும் கெடும். சூடின்றித் தானே பிணையும் இருபொருட் கலவைகளும் உண்டு. அவை சிறு காயங்களுக்கு ஏற்றவை. அவற்றிற்குரிய நேரம் முழுவதும் கழிந்த பின்னரே டயரைப் பாரத்தில் இடலாம்.

ஒன்பது, சோதித்தல். டயர் நன்கு ஆறியபின், மழுங்கிய குத்தூசியால் புதுக் கட்டையை அழுத்துக. குழி உடனே மீண்டால் பக்குவம் சரி. தடம் நின்றால் வேகவில்லை. விளிம்பைச் சுற்றி ஊசி நுழையும் இடம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். நுழையுமாயின், முழுவதையும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே வழி.

விரைவில் இறுகும் வீட்டுப் பசைகளால் பெயர்ந்த துண்டை மீண்டும் ஒட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்பசை இறுகியபின் கண்ணாடி போல் விறைத்து நிற்கும், ரப்பரோ வளையும். முதல் நாள் உழவிலேயே ஒட்டு விட்டுப் போகும். அதற்குள் காயம் மூடியதென்று நம்பியவர் ஏமாறுவார். பசை இல்லாத காயமாவது கண்ணுக்குத் தெரியும்.

உயிர்க்காப்பு

டயர்ப் பழுதில் உயிருக்கே ஆபத்தான தருணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொரு பணிமனையின் சுவரிலும் எழுதி வைத்தல் நலம்.

முதலாவது, டயர் பொருத்தியிருக்கும்போது சக்கரத்தின் இரும்பில் வெல்டிங் செய்தலும், இறுகிய போல்ட்டைத் தீயால் சூடாக்கலும் ஆகா. சூட்டினால் உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்கள் தோன்றும். டயர் பெருவிசையோடு வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டேன் என்பதால் இவ்வாபத்து நீங்குவதில்லை. தீயை எடுத்துவிட்ட சிறிது நேரத்திற்குப் பின்னும் வெடித்தல் கூடும். டயரை முற்றும் கழற்றிய பின்னரே இரும்பில் தீ படலாம்.

இரண்டாவது, காற்றடைக்கும்போது டயரை இரும்புக் கூண்டினுள் வைத்து, நீண்ட குழாயின் முனையை வால்வில் மாட்டிவிட்டு, சக்கரத்தின் முகத்திற்கு எதிரே நில்லாமல் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். வாய் சரியாக அமரவில்லையெனில் காற்றைக் கூட்டி அமரச் செய்ய முயலலாகாது. காற்றை இறக்கிவிட்டு, மசகிட்டு, மீண்டும் தொடங்குக.

மூன்றாவது, சொல்யூஷனின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூச்சோடு உட்சென்றால் தலைச்சுற்றலும் நோயும் தரும். கதவைத் திறந்து வைத்து, தீயும் பீடியும் அணுகாமற் பார்த்துக் கொள்க. உராயும்போது கண்ணாடியும் மூக்குறையும் அணிதல் கட்டாயமாகும்.

வகுப்பறைக்குரிய சோதனைகள்

இப்பகுதிப் பள்ளிகளில் பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அவர்கள் நாள்தோறும் காணும் பொருளைக் கொண்டே பின்வரும் சோதனைகளை நடத்தலாம்.

முதற் சோதனை: அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை உதட்டின்மேல் வைத்து விரைந்து இழுக்கச் செய்க, அது வெதுவெதுப்பாகும். இழுத்த நிலையிற் சற்று நிறுத்திப் பின்னர் தளர்த்தினால் குளிரும். இதனை 1805-ஆம் ஆண்டில் ஜான் கஃப் என்பார் எழுதி வெளியிட்டார். அவர் கண்பார்வை அற்றவர். ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி மீளும் கட்டை ஏன் சூடாகிறது என்பதை விளக்க இது தொடக்கமாகும்.

இரண்டாம் சோதனை: ஆசிரியர் தாமே, திறந்த வெளியில், தீ அணுகாத இடத்தில் செய்து காட்டத்தக்கது. மூடியுள்ள இரு சிறு கண்ணாடிப் புட்டிகளிற் சிறிது பெட்ரோல் எடுத்து, ஒன்றில் ஒட்டுபாலின் சிறு துணுக்கையும், மற்றதில் பழைய சைக்கிள் ட்யூபின் துணுக்கையும் இடுக. மறுநாளோ அதற்கு மறுநாளோ பார்த்தால், ஒட்டுபால் இளகிக் குழம்பாகத் தொடங்கியிருக்கும். ட்யூபின் துணுக்கு ஊதியிருக்குமேயன்றிக் கரைந்திராது. முன்னதில் பாலங்கள் இல்லை, பின்னதில் உண்டு. சொல்யூஷன் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதும், பழைய ரப்பரைக் கரைத்துப் புதியதோடு சேர்க்க ஏன் இயலாது என்பதும் இதனால் விளங்கும்.

மூன்றாம் சோதனை: ட்ராக்டரின் பின் சக்கரத்தில் சுண்ணத்தால் ஒரு குறியிடுக. வெறும் வண்டியைக் கெட்டித் தரையில் ஓட்டி, 10 சுற்றுக்குச் சென்ற தொலைவை அளந்து கொள்க. பின்னர் கலப்பை பூட்டி வயலில் உழும்போது 10 சுற்றுக்குச் சென்ற தொலைவை அளக்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே வழுக்கலால் வந்த இழப்பு. எடுத்துக்காட்டாக, தரையில் 40 மீட்டரும் வயலில் 35 மீட்டரும் சென்றால், இழப்பு 5 மீட்டர். அதாவது 100-க்கு 12½. இழப்பு 100-க்கு 8 முதல் 15 வரை இருத்தல் பொதுவாக ஏற்கத்தக்கது. கட்டைகள் சிதைந்த டயரில் அதே வயலில் 30 மீட்டர் மட்டுமே சென்றால், இழப்பு 100-க்கு 25 ஆகிறது. நான்கு சுற்றில் ஒரு சுற்றின் டீசல் மண்ணைக் கிளறுவதிற் போகிறது என்று மாணவரே கணக்கிட்டுச் சொல்வர். இவ்வளவையைக் களப்பணியாளர் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் எடுத்துக் குறித்து வைப்பாராயின், டயரை எப்போது கவனிக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

முடிவுரை

பருவம் தொடங்குவதற்கு முன்னரே டயர்களைக் கழுவிச் சோதித்தலும், சிறு வெட்டுகளைச் சிறிதாக இருக்கும்போதே செதுக்கிச் சீராக்கலும், காற்றழுத்தத்தை அளந்து வைத்தலும் எளிய காரியங்கள். இவற்றிற்குக் கத்தி ஒன்றும், மழுங்கிய ஊசி ஒன்றும், அழுத்தமானி ஒன்றும் போதும். கட்டையைக் கட்டியெழுப்புவது பயிற்சியுள்ள கைக்கு உரியது. நூலடுக்கு தெரிந்த டயரோ பணிமனைக்கு உரியது. இம்மூன்றின் எல்லையையும் அறிந்தவரே நல்ல பழுது பார்ப்பவர்.

பாறசாலையின் தோட்டத்தில் விடியற்காலையில் வடிந்த பால், ஷீட்டாகி, ஆலைக்குச் சென்று, டயராகித் திரும்பி, அதே தோட்டத்தின் அடிவாரத்து ஏலாவை உழக்கூடும். அதனை உண்டாக்கியவரும் அதனை விலை கொடுத்து வாங்குகிறவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். தாம் விளைவித்த பொருளின் இயல்பை அவர் அறிந்து பேணுவதற்கு வேண்டிய அறிவை அளிப்பது, களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றத்தக்க தொண்டாகும்.

பயிற்சி வினாக்கள்

1. வல்கனைஸ் ஆன ரப்பரை உருக்கி ஒட்ட இயலாதது ஏன்?

2. புதுக் கட்டையை அருகிலுள்ள கட்டைகளைவிட உயரமாக அமைத்தால் நேரும் தீங்கு யாது?

3. மழைக்காலத்தில் டயரில் வெட்டுக்காயங்கள் மிகுவதற்கும், சொல்யூஷன் மெல்ல உலர்வதற்கும் காரணம் கூறுக.

4. கெட்டித் தரையில் 10 சுற்றுக்கு 42 மீட்டர் செல்லும் ட்ராக்டர், உழவின்போது 10 சுற்றுக்கு 35.7 மீட்டர் செல்கிறது. வழுக்கலால் வரும் இழப்பை 100-க்கு எவ்வளவு என்று கணக்கிடுக. இந்த டயருக்கு உடனே கவனம் வேண்டுமா?